சும்மா இருக்காத நாய்

காது கேளாத என் அக்காவுக்குக் காதாக இருந்து உதவ ஒரு நாய் தேடுகிறோம் என்று சொன்னதும், கேட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். சாதுவான நாயாகப் பார். சொன்னபடி கேட்க வேண்டும், குரைக்கக் கூடாது, ஓரமாகப் படுத்திருக்க வேண்டும். லாப்ரடார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எல்லாம் அன்போடு சொன்னவைதான். ஆனால் இந்த வேலைக்கு அடக்கமான நாய் பெரும்பாலும் உதவாது. ஏன் உதவாது, பிறகு எப்படிப்பட்ட நாய்தான் உதவும் என்பதைத் தேடித் தேடித்தான் தெரிந்துகொண்டோம். அதைத் தமிழில் எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படும்.

செவித்துணை நாய் செய்யும் வேலை, பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். காலிங் பெல் அடிக்கிறது. நாய் எழுந்து தன் ஆளிடம் போய் முன்னங்காலாலோ மூக்காலோ தொடுகிறது. "என்னடா?" என்று அவர் கையை விரித்துக் கேட்டதும் திரும்பி நடந்து, சத்தம் வந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போகிறது. அடுப்படி டைமர், காலை அலாரம், குழந்தையின் அழுகை, யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஸ்மோக் அலாரத்துக்கு மட்டும் பிரிட்டனில் வேறு மாதிரிப் பழக்குகிறார்கள். நாய் ஆளைத் தொட்டுவிட்டு அங்கேயே தரையில் படுத்துவிடும். தீ இருக்கும் இடத்துக்கே ஆளைக் கூட்டிப் போய்விடக் கூடாது அல்லவா.

இந்த வேலையை நாய்க்கு யாரும் ஏவுவதில்லை. பார்வையற்றவரோடு நடக்கும் வழிகாட்டி நாய்க்கு, அதன் சேணத்தைப் பிடித்த கை எப்போதும் கூடவே இருக்கிறது. எங்கே போக வேண்டும் என்று அந்த மனிதர் சொல்கிறார், நாய் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செவித்துணை நாயை வைத்திருப்பவருக்கோ சத்தம் வந்ததே தெரியாது. மணிக்கணக்கில் சும்மா கிடந்த நாய், நல்ல தூக்கத்தில் இருந்த நாய், சத்தம் கேட்ட நொடியில் தானாகக் கிளம்ப வேண்டும். போய்த் தட்டியும் ஆள் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் மறுபடி தட்ட வேண்டும். தூங்குகிறவரை எழுப்பும் அளவுக்குப் பிடிவாதம் வேண்டும். ரொம்ப மரியாதையான நாய் ஒருமுறை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சரி, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. சாலையில் எந்தச் சத்தம் வந்தாலும் கவனம் சிதறாமல் நடப்பதுதான் வழிகாட்டி நாயின் சிறப்பு. சின்னச் சத்தத்துக்கும் காதைத் தூக்குவது செவித்துணை நாயின் சிறப்பு. ஒன்றுக்குக் குறையாக இருப்பது மற்றதற்குத் தகுதி.

அக்கா இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கத்தில். நாற்பதுகளின் நடுவில் இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. இப்போது ஒரு காதில் காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறது, அறுவை செய்து உள்காதில் பொருத்தும் செவிக்கருவி. பகலில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நன்றாகப் பேசுவாள். இரவு படுக்கும்போது அதன் வெளிப்பகுதியைக் கழற்றிச் சார்ஜரில் வைத்துவிடுவாள். அதன்பிறகு அவளுக்கு எதுவும் கேட்காது. குளிக்கும்போதும் அப்படியே. பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான்.

கருவிகளே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வழக்கமான ஸ்மோக் அலாரம் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கீச்சிடும். வயதாகும்போது முதலில் மங்குவது இந்த உயர்ந்த ஒலிகள்தான். அதனால் 520 ஹெர்ட்ஸில் தாழ்வாக ஒலிக்கும் அலாரங்கள் வந்திருக்கின்றன. ஓரளவு கேட்கிறவர்களை அவை நன்றாகவே எழுப்பும். அறவே கேட்காதவர்களுக்கு மெத்தைக்கு அடியில் அதிரும் கருவியும் பளிச்சிடும் விளக்கும் இருக்கின்றன. அக்கா வீட்டில் இவை எல்லாமே உண்டு. நாய் வந்தாலும் இவற்றை எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தீ விஷயத்தில் ஒரு உயிரை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் விளக்கு பளிச்சிடும் அறையில் ஆள் இருந்தால்தான் அதனால் பயன். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவளைத் தேடி எந்த விளக்கும் போகாது. பின்னாலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார், நடைபாதையில் சைக்கிள் மணி அடிக்கிறது, கையிலிருந்து சாவிக்கொத்து விழுகிறது. இதற்கெல்லாம் கருவி கிடையாது. இன்னொரு காரணத்தை அக்காவே சொன்னாள். அவளுக்குக் காது கேட்காது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை, திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செவித்துணை நாய் என்று எழுதிய மேலங்கி போட்ட ஒரு நாய் பக்கத்தில் இருந்தால் சொல்லாமலே புரிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த முயற்சி 1970களின் நடுவில் மினசோட்டாவில் தொடங்கியது. திரைப்படங்களுக்கு விலங்குகளைப் பழக்கிக்கொண்டிருந்த ராய் கேபட் என்பவர் 1977இல் ஓரிகன் மாநிலத்தில் காது கேளாதோருக்கான நாய்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியது. பிரிட்டனில் 1982இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் வைத்துத் தொடங்கினார்கள். ஜப்பானில் 2002இல் தனிச் சட்டமே வந்து, வழிகாட்டி நாய்க்கும் செவித்துணை நாய்க்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்தது.

இந்தத் தொடக்ககால அமைப்புகளில் பல, நாய்களைக் காப்பகங்களிலிருந்துதான் எடுத்தன. பிறர் வேண்டாம் என்று விட்டுப்போன நாய்கள். பணம் மிச்சம் என்பது மட்டும் காரணமில்லை. துறுதுறுவென்று இருக்கிறது, எதற்கெடுத்தாலும் ஓடிப் போய்ப் பார்க்கிறது, பின்னாலேயே சுற்றுகிறது, காலால் பிராண்டிக்கொண்டே இருக்கிறது என்று மக்கள் கொண்டுவந்து விடுகிற நாய்களில்தான் இந்த வேலைக்கான குணம் இருந்தது. பின்னாளில் சில அமைப்புகள் சொந்தமாகக் குட்டி எடுக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் இன்று காக்கர் ஸ்பேனியல், லாப்ரடார், சின்ன பூடில் வகைகளை அதிகம் பார்க்கலாம். ஜப்பானின் நாகானோவில் உள்ள அமைப்பு இன்றும் கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பழக்குகிறது.

நல்ல அமைப்புகள் எல்லாவற்றிலும் காத்திருப்போர் பட்டியல் நீளம். பயிற்சி முடித்த நாய் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாயை ஓர் அமைப்புதான் பழக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாமே பழக்கிக்கொள்ளலாம், சான்றிதழும் தேவையில்லை. கடையில், உணவகத்தில் ஊழியர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: உங்கள் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? இப்படிப் பொது இடங்களுக்குள் அழைத்துப் போகும் சலுகை பழகி முடித்த நாய்க்குத்தான். பழகிக்கொண்டிருக்கும் நாயை எங்கெல்லாம் அழைத்துப் போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மேலங்கியை இணையத்தில் வாங்கி மாட்டிவிட்டுச் செல்லநாயை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் உண்மையாகத் தேவைப்படுகிறவர்கள் சந்தேகப் பார்வையைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அதனாலேயே தேர்வில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம். காப்பகத்து நாய்களிலிருந்து செவித்துணை நாய்களைத் தேர்ந்தெடுத்து நீண்ட அனுபவம் உள்ள ஒரு பயிற்சியாளர் அம்மாவை அமர்த்திக்கொண்டோம்.

முதல் கேள்வி, குட்டியா வளர்ந்த நாயா? குட்டி என்றால் ஆசையாகத்தான் இருக்கும். மூன்று வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அப்போது அது பார்க்கிற, கேட்கிற எல்லாம் பின்னாளில் பயமின்மையாக மாறும். அதை நம் கையில் வைத்து வளர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் ஏழு வாரக் குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்ப்பது, கைதட்டிக் கூப்பிட்டுப் பார்ப்பது போன்ற சோதனைகளை வைத்து வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டிச் சொல்வது நம்பகமான வழியல்ல. குட்டிப் பருவத்தில் எதுவுமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2017இல் எமிலி பிரே என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நியூ ஜெர்சியில் உள்ள வழிகாட்டி நாய் அமைப்பில் ஓர் ஆய்வு செய்தார்கள். தாய் அளவுக்கு மீறித் தாங்கிய குட்டிகள் பின்னாளில் பயிற்சியில் தோற்பது அதிகமாக இருந்தது. தாய் படுத்துக்கொண்டே பால் கொடுத்தால் குட்டிக்குச் சிரமமில்லை. உட்கார்ந்தோ நின்றோ கொடுத்தால் குட்டி எம்பிப் போராடித்தான் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்து வளர்ந்தவை அதிகம் தேறின. பிறகு 2021இல் அதே ஆய்வாளர் 375 குட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். மனித முகத்தைப் பார்ப்பதிலும், விரல் சுட்டும் இடத்தைப் புரிந்துகொள்வதிலும் குட்டிக்குக் குட்டி இருக்கும் வேறுபாட்டில் சுமார் 40 விழுக்காடு பரம்பரையில் வருகிறது என்று தெரிந்தது.

இதெல்லாம் தாயையும் தகப்பனையும் பல தலைமுறை பார்த்துவைத்திருக்கும் அமைப்புகளுக்கு உதவும். அங்கேயே எடுத்துக்கொண்ட குட்டிகளில் கணிசமான பங்கு வேலைக்குத் தேறாமல் போகிறது. ஒரே ஒரு நாயை எடுக்கப் போகும் எங்களுக்கு அந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது. ஒன்று, ஒன்றரை வயதான நாய் என்றால் குணம் பெரும்பாலும் முடிவாகியிருக்கும், இடுப்பும் முழங்காலும் எப்படி என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம், எதிரே நிற்பதை அப்படியே எடைபோடலாம். வளர்ந்த நாய் என்று முடிவு செய்தோம்.

காப்பகத்தில் சோதனை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தேர்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கூண்டு வரிசையில் நடக்கும்போதே பாதி முடிவாகிவிடும். பக்கத்துக் கூண்டு நாயைப் பார்த்து ஓயாமல் குரைப்பவை, மூலையில் சுருண்டவை, விறைத்து நின்று முறைப்பவை எல்லாம் கழிந்துவிடும். மனிதர் வந்ததும் உடம்பைத் தளர்த்தி முன்னே வருபவை மட்டும் அடுத்த கட்டத்துக்கு. பிறகு ஒரு சின்ன, அமைதியான அறை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும், நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பயிற்சியாளர் மூலையில் நின்று கவனிப்பார். சத்தம் எழுப்புவது என் வேலை. நான்தான் நாயைச் சோதித்துவிட்டு அக்காவிடம் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். பயிற்சியாளர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நாய் யாரிடம் வேலை செய்யப் போகிறதோ அவர்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். காது கேளாதவர் பேசும் குரலின் ஏற்ற இறக்கம், பின்னால் என்ன நடந்தாலும் திரும்பாத இருப்பு, கைச்சைகை எல்லாம் சில நாய்களைக் குழப்பும், சிலவற்றுக்குப் பிடிக்கும். அது இன்னொருவரை உட்காரவைத்துப் பார்த்தால் தெரியாது.

முதல் இரண்டு நிமிடம் நாயை யாரும் கண்டுகொள்வதில்லை. அது அறையை முகர்ந்து சுற்றும். சுற்றி முடித்துவிட்டுத் தானாக ஆளிடம் வருகிறதா? வந்துவிட்டுப் போய், மறுபடி வருகிறதா? முதுகைத் தடவினால் கைக்குள் வருகிறதா, விலகுகிறதா? பிறகுதான் சத்தம். ஒரு டைமரைத் துண்டில் சுற்றி அலமாரிக்கு அடியில் வைத்திருப்போம். கதவைத் தட்டுவேன், போனை ஒலிக்கவிடுவேன், பீப்பீ பொம்மையை மறைத்துவைத்து அழுத்துவேன். கடைசியாக ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைத் தரையில் போடுவேன்.

லாப்ரடார் கலப்பு ஒன்று இருந்தது. அருமையான நாய். அக்கா காலடியில் உட்கார்ந்தது. டைமர் அடித்ததும் ஒரு காதைத் தூக்கி அலமாரியைப் பார்த்தது, தலையைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை காதைக்கூட அசைக்கவில்லை. சத்தம் அதற்குக் கேட்டது, அதில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய வரமாக இருக்கும். எங்களுக்கு ஆகாது.

ஒரு டெரியர், டைமரைச் சில நொடிகளில் கண்டுபிடித்துத் துண்டோடு இழுத்து வெளியே போட்டது. சத்தத்தின் மேல் அவ்வளவு வெறி. நான் மகிழ்ந்துபோனேன். பயிற்சியாளர் அக்காவின் நாற்காலியைக் காட்டினார். அந்த நேரம் முழுக்க அந்த நாய் அவளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்தைத் தேடிப் போகத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் செய்தியை ஆளிடம் கொண்டுவரும் ஆசையும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. ஆளின் மேல் இல்லாத ஆசையைப் பிஸ்கட் கொடுத்து உண்டாக்குவது பெரும்பாடு.

அழகான கோலி கலப்பு ஒன்றின் மேல் அக்காவுக்கு ஆசை விழுந்துவிட்டது. புத்திசாலி, கண்ணைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்ளும். கிண்ணம் விழுந்ததும் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கியது. வால் வயிற்றுக்குள் போய்விட்டது. கோழித்துண்டைக் காட்டியும் வெளியே வரவில்லை. வந்த பிறகும் கண் கிண்ணத்தின் மேலேயே இருந்தது. திடுக்கிடுவது தவறில்லை, எந்த நாயும் திடுக்கிடும். எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, மீண்டதும் அந்தப் பொருளிடம் போய் முகர்ந்து பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் டேவிஸ் பல்கலைக்கழகம். அங்கே 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டில் சாதாரணமாக எழும் சத்தங்கள் நாய்களை எவ்வளவு பயப்படுத்துகின்றன என்று பார்த்தது. பேட்டரி தீரும்போது ஸ்மோக் அலாரம் விட்டுவிட்டுக் கீச்சிடும் அந்தச் சத்தம் போன்றவை நாய்களை மிகவும் கலங்க வைக்கின்றன, அந்தக் கலக்கத்தை வளர்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது அதன் முடிவு. செவித்துணை நாய் ஓடி ஒளியாமல் ஆளை எழுப்ப வேண்டியதும் இதே அலாரத்துக்குத்தான். சத்தத்துக்கு அஞ்சும் நாயை இந்த வேலையில் வைப்பது அந்த நாய்க்கும் கொடுமை.

அக்காவுக்கு அன்றைக்கு மனசே இல்லை. "பழக்கினா சரியாயிடும்டா" என்றாள். நான் அவளுக்குத் தெரியும்படி மெதுவாக, "அக்கா, அது பாவம்க்கா" என்றேன். காரில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தேர்வில் முக்கால்வாசி வேலை வேண்டாம் என்று சொல்வதுதான். பிடித்த நாயை வேண்டாம் என்று சொல்வது அதில் கடினமான பகுதி.

குரைக்கும் நாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதவு தட்டினால் குரைக்கும் நாய்தானே நல்லது என்று தோன்றும். காது கேளாதவருக்கு அந்தக் குரைப்பால் ஒரு பயனும் இல்லை. நாயோ குரைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகிவிடும், ஆளிடம் வராது. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கும்வரை அது குரைப்பதே உரிமையாளருக்குத் தெரியாமல் போகலாம். எப்போதாவது ஒரு குரைப்பு பரவாயில்லை. பதில் சொல்லும் முதல் வழியே குரைப்பாக இருக்கும் நாய் வேண்டாம்.

பிறகு காது. செவித்துணை நாய்க்குக் காது கேட்கும் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். வெள்ளை நிறமும் ஒரு நீலக்கண்ணும் உள்ள ஒரு நாய், சத்தம் கேட்டதும் ஆவலாக எழுந்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காது மட்டும் கேட்கும் நாய்கள் இப்படித்தான் தடுமாறும். சத்தம் வரும் திசையை மூளை கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துவிடும். டால்மேஷன் இனத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. நம் ராஜபாளையம் வகையிலும் பால்வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. காதில் ஒலியை விட்டு மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் 'பேர்' (BAER) என்ற சோதனை இருக்கிறது. ஐந்து வாரக் குட்டிக்குமேல் எந்த வயதிலும் செய்யலாம், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக முடிவு தரும். நாயின் நிறம் எதுவாக இருந்தாலும் முடிவு செய்யும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிகச் சின்ன நாய் தட்டினால் போர்வைக்கு மேல் உறைக்காது, மிகப் பெரிய நாய் குஷியில் பாய்ந்தால் வயதானவர் விழுந்துவிடுவார். கட்டிலில் ஏற முடிகிற நடுத்தர உருவம் போதும். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு விலகும் கோளாறு அதிகம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகு என்று இப்போது நாங்கள் கூப்பிடும் நாயை இந்தத் தேடலின் பின்பகுதியில் கண்டோம். கறுப்பு, சுருட்டை முடி, பூடிலும் வேறு ஏதோவும் கலந்த வகை. ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். கொண்டுவந்து விட்டவர்கள் எழுதிக் கொடுத்த தாளில், எந்நேரமும் பின்னாலேயே வருகிறது, காலால் தட்டிக்கொண்டே இருக்கிறது, ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை என்று குறைகளை வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் அந்தத் தாளை மறுபடி ஒருமுறை படித்தார்.

அறைக்குள் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக அக்காவிடம் வந்து பத்திரிகைக்கும் முகத்துக்கும் நடுவில் மூக்கை நீட்டியது. அவள் கண்டுகொள்ளவில்லை. டைமர் அடித்தது. அலமாரிக்குப் போய், துண்டை முகர்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டது. அப்புறம் திரும்பி அக்காவைப் பார்த்தது. நாற்காலிக்கு வந்து முழங்காலில் ஒரு தட்டு. சொல்லிவைத்தபடி அவள் அசையவில்லை. மறுபடி அலமாரிக்குப் போனது, மறுபடி வந்தது. இப்போது இரண்டு முன்னங்கால்களையும் மடியில் ஊன்றி நின்று முகத்தை உற்றுப் பார்த்தது. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. "டேய், இவன் என்னையவே பாக்குறான்டா" என்று அக்கா சிரித்துவிட்டாள், அதோடு அந்தச் சோதனை கலைந்தது. கிண்ணம் விழுந்தபோது துள்ளிப் பின்வாங்கியது. கழுத்தை நீட்டி எட்ட நின்று முகர்ந்தது. பிறகு அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே போட்ட கோழித்துண்டை எடுத்துத் தின்றது.

அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. காதையும் பாதத்தையும் வாயையும் தொட விடுகிறதா, குழந்தைகள், மற்ற நாய்கள், பூனை எதிரில் எப்படி, கடைவாசலில் தள்ளுவண்டிகள் உருளும் இடத்தில் நிற்குமா என்று பார்த்தோம். அணிலைக் கண்டால் இழுக்கிறது, ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறது. 'பேர்' சோதனையில் இரண்டு காதும் நன்றாக இருந்தன. தத்தெடுக்கும் முன் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் காப்பகம் ஒத்துக்கொண்டது. இப்படி ஒரு நாயை எடுப்பவர்கள் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சத்தத்துக்குச் சத்தம் எழுகிற நாய்க்கு ஓய்வு நேரத்திலும் வேலை வேண்டும். நடை, விளையாட்டு, தேடல் எதுவும் இல்லாவிட்டால் அது வேண்டாத வேலைகளைச் செய்யும். அக்கா விடியற்காலையில் நடக்கிறவள். அதனால்தான் இந்தப் பொருத்தம் நடந்தது. அசையாமல் உட்கார்ந்து படிக்க விரும்பும் ஒருவருக்கு மிளகைக் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் துன்பம்.

ஊரிலிருந்து ஒரு நண்பர் நாட்டுநாயைப் பழக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டுநாய்க்குச் சத்தத்தின் மேல் கவனம் அபாரம். ஆனால் வளர்ந்த நாட்டுநாய் பலவற்றுக்குப் புதிய மனிதர்கள் மேல் சந்தேகம் இருக்கும், வாசலில் ஆள் வந்தால் காவல்காரனாகிவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் வேட்டையாடும் வகை. ஒருவரோடு மட்டும் ஒட்டும், சத்தத்தைவிட அசைவுக்கே விழிக்கும். என் யோசனை, இனத்தைப் பார்க்காமல் அந்த ஒரு நாயை அறைக்குள் விட்டு, டைமரைத் துண்டில் சுற்றி வைத்துப் பார்ப்பதுதான். வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யும் நாயாக வைத்துக்கொண்டால், கடை, பேருந்து என்று வெளியிடங்களுக்கான கடுமையான பக்குவம் தேவைப்படாது. அப்போது தகுதி உள்ள நாய்கள் இன்னும் அதிகம் கிடைக்கும்.

பழக்கும் முறையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு சத்தம், ஆளிடம் ஓட்டம், தொட்டதும் கோழித்துண்டு, சத்தம் வந்த இடத்தில் இன்னொரு துண்டு. சர்வதேச அமைப்புகளின் குறைந்தபட்ச அளவு மூன்று சத்தங்கள். மிளகு காலிங் பெல்லுக்கும் டைமருக்கும் அக்காவின் பேருக்கும் சரியாக வருகிறது. குக்கர் விசிலை நாங்கள்தான் சேர்த்தோம். மூன்று விசில் விட்டு அடுப்பை அணைப்பது காது போன நாளிலிருந்து அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. இப்போது ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு தட்டு, அவள் எண்ணிக்கொள்கிறாள். ஸ்மோக் அலாரம் பாக்கி இருக்கிறது. அதைப் பஞ்சு சுற்றிய பெட்டிக்குள் வைத்து, தூரத்து அறையில் ஒலிக்கவிட்டுத் தொடங்கியிருக்கிறோம். மிளகு வாலை இறக்காமல் வந்து தட்டும் நாட்களில் மட்டும் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறோம்.